ஆம்புலன்ஸ் மீது கை வைத்தால் என்ன வழக்கு? காவல் நிலையத்தில் கற்றுக்கொண்டவை

தமிழ்நாடு சட்டம் 48/2008. 108 வண்டியில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிற ஊழியர்கள் எல்லோருக்கும் இதையேதான் சொல்வேன். மருத்துவச் சேவைப் பணியாளர்கள் மீதும் மருத்துவ நிறுவனங்கள் மீதும் நடக்கும் வன்முறையையும் சொத்துச் சேதத்தையும் தடுக்கச் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டம் இது. பெயர் நீளமானது, நினைவில் நிற்காது. எண் நிற்கும்.

அடித்தவர், அடிக்க முயன்றவர், தூண்டிவிட்டவர் எல்லோருக்கும் இதில் ஒரே தண்டனைதான்: 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். உடைத்த பொருளுக்கு நஷ்டஈடும் கட்ட வேண்டும். 2025 ஆகஸ்டில் 108 ஊழியர்கள் தாக்கப்பட்டது பெரிய செய்தியானபோது, இந்தச் சட்டம் ஆம்புலன்ஸ் ஊழியர்களைத் தாக்குபவர்கள் மீதும் பாயும் என்று அரசே எச்சரித்தது.

இவ்வளவு கடுமையான சட்டம் கையில் இருந்தும், நான் அறிந்த சம்பவங்களில் பாதிக்கு மேல் இதன் கீழ் பதிவாகவே இல்லை. யாரோ வேண்டுமென்றே மறைத்ததால் நடந்ததென்று சொல்ல மாட்டேன். அடிபட்டவருக்கும் இந்தச் சட்டம் தெரியவில்லை, புகார் எழுதியவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் அந்த முதல் சில மணி நேரத்தில் பக்கத்தில் இருந்தால் எல்லாமே வேறு மாதிரி போகிறது. எங்கள் வண்டிக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தது. அதில் கற்றதையும், அதற்குப் பிறகு காவல் துறையோடு சேர்ந்து வேலை செய்ததில் கற்றதையும் எழுதுகிறேன்.

விழுப்புரம் பக்கம், நான்கு வழிச்சாலையை ஒட்டிய ஊர் ஒன்றில் எங்கள் வண்டி நின்றிருந்த காலம். ஆடி மாதத் திருவிழா முடிந்து வந்த பைக் ஒன்று, ஓரம் கட்டியிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டது. பையன்கள் இருவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒருவனுக்கு மூச்சு இருந்தது, காதில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. இன்னொருவனுக்கு நாடி கிடைக்கவில்லை, கண் பாவை விரிந்து கிடந்தது. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் பேசினேன். இரண்டாவது வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். மூச்சு இருக்கிற பையனுக்குக் கழுத்துப் பட்டை போட்டு, முதுகெலும்பு அசையாமல் பிடிக்கிற ஸ்பைன் போர்டு பலகையில் கட்டி ஏற்றினோம்.

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. "ரெண்டு பேரையும் ஏத்துடா"ன்னு ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல். விளக்கிச் சொல்ல நேரமில்லை, சொன்னாலும் காதில் ஏறாது. நாடி கிடைக்காத பையனுடைய அம்மாவின் அழுகையைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும், அந்தக் கோபத்தை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். ஆனால் கல் எடுத்தவர்கள் அந்தக் குடும்பத்தார் இல்லை. பின்பக்கக் கண்ணாடி நொறுங்கி, உள்ளே படுத்திருந்த பையன் மேலேயே விழுந்தது. பைலட் அண்ணனுக்கு, அதாவது எங்கள் வண்டி ஓட்டுநருக்கு, நெற்றிக்கு மேலே கட்டையடி. ரோந்து வண்டியில் வந்த ஏட்டையா ஒருவர் நேராக டிரைவர் கதவுக்கு முன்னால் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "நீ எடுப்பா, எடு"ன்னு கத்தினார். அண்ணன் ஒரு கையால் துணியை நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பையன் பிழைத்தான்.

அவனை ஒப்படைத்த பிறகு நடந்தவைதான் எங்கள் வழக்கைக் காப்பாற்றின.

முதலாவது, பைலட் அண்ணனை அதே மருத்துவமனையில் நோயாளியாகப் பதிந்தோம். அவர் கூச்சப்பட்டார். "நாலு தையல்தானே, போட்டுட்டு போலாம்"னு சொன்னார். பணி மருத்துவர் விடவில்லை. விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்கிற பதிவேட்டில், யார் அடித்தது, எதனால் அடித்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். காயத்தின் நீளத்தை அளந்து குறித்தார். ஏ.ஆர். போட்டுவிட்டால் மருத்துவமனையிலிருந்தே காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடும். பின்னால் காயச் சான்றிதழ் இதை வைத்துத்தான் வரும். ஊழியர் அடிபட்டால் நமக்கு நாமே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். ஏ.ஆர். இல்லாத காயத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு.

இரண்டாவது, வண்டியை அப்படியே நிறுத்தி வைத்தோம். கண்ணாடித் தூளைப் பெருக்கவில்லை. உள்ளே விழுந்த கல்லைத் தொடவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் வந்து, நோயாளி யாரும் படத்தில் வராமல் நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார். பிறகு போலீசார் வந்து, சாட்சிகள் முன்னால் எழுதுகிற மகஜர் என்ற பதிவை எழுதி அந்தக் கல்லைக் கைப்பற்றினார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். விடிகாலையில் ஸ்டேஷனுக்குப் போனபோது, ரைட்டர், அதாவது நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கிற காவலர், ஒரு புகாரைத் தயாராக எழுதி வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் புகாரில் இருந்தது இவ்வளவுதான்: வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, கண்ணாடி சேதம். அப்படியே போயிருந்தால், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), காயம் ஏற்படுத்தியதற்கு 115(2), சொத்துச் சேதத்துக்கு ஒரு பிரிவு. அதோடு முடிந்திருக்கும். மேற்பார்வையாளர் தன் பையிலிருந்து 48/2008 சட்டத்தின் ஜெராக்ஸை எடுத்து வைத்தார். எஸ்.ஐ. நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். "இதுல வருது. வேற எழுதி குடுங்க"ன்னு சொன்னார். அவ்வளவுதான். சண்டை, சிபாரிசு எதுவும் தேவைப்படவில்லை.

புதிய மனுவை நிறுவனத்தின் பெயரில் மேற்பார்வையாளரே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதில் இருந்த வாக்கியங்களை ஏறக்குறைய அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும்: "108 அவசர ஊர்தியில் பணியில் இருந்தபோது, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த நோயாளி வண்டிக்குள் இருக்கையில், எங்கள் ஊழியர்களைத் தாக்கியும் ஊர்தியைச் சேதப்படுத்தியும் சிகிச்சைக்கு இடையூறு செய்தவர்கள் மீது, தமிழ்நாடு சட்டம் 48/2008, பிரிவு 3-இன் கீழும் பொருந்தும் பிற பிரிவுகளின் கீழும் வழக்குப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே கேஸ் ஐடி, அழைப்பு வந்த நேரம், சம்பவ இடம் சேர்ந்த நேரம், அங்கிருந்து கிளம்பிய நேரம், மருத்துவமனை சேர்ந்த நேரம். இந்த நேரங்கள் எல்லாம் கட்டுப்பாட்டு அறையின் பதிவிலும் இருப்பதால் பின்னால் யாரும் மாற்ற முடியாது. பணியில் இருந்தோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிறுவனம் புகார் கொடுப்பதில் இன்னொரு நன்மை உண்டு. அந்த ஊரில் அன்றாடம் வண்டி ஓட்ட வேண்டிய பைலட் பெயரில் புகார் இருந்தால், மாலைக்குள் அவர் வீட்டு வாசலில் நாலு பெரியவர்கள் வந்து நிற்பார்கள். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது: ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும். அது நேரடியாக மத்திய அரசு மருத்துவமனைகளுக்கானது என்றாலும், எங்கும் பின்பற்றத் தகுந்த முறை என்று நினைக்கிறேன்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீதோடு நின்றுவிடாதீர்கள். கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 இதைச் சொல்கிறது. சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று தெரியாவிட்டாலும் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து மாற்றி அனுப்ப வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டித் தாண்டி ஓடுகிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது பெரிய வசதி. நிலையத்தில் எடுக்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 132-ஐ எங்கள் வழக்குகளில் போடலாமா என்று எப்போதும் ஒரு விவாதம் வரும். நாங்கள் நிறுவனத்தின் ஊழியர்கள், அரசுச் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். அந்த விவாதத்தில் மாட்டிக்கொண்டு நேரம் போக்க வேண்டியதில்லை. 48/2008-க்கு நாம் அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கும் அது பாதுகாப்புதான்.

ஏன் இதை மாநிலச் சட்டமாகப் போட்டார்கள் என்று பலர் கேட்கிறார்கள். பொது சுகாதாரமும் காவல் துறையும் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் வருபவை. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது, ஒன்றுக்கொன்று வித்தியாசமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் மட்டும் மத்திய அரசு குறுக்கே வந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. உடலோடு வந்த ஆம்புலன்ஸ் நொறுங்கியது, கூட வந்த ஊழியர்களின் மண்டை உடைந்தது. அவருடைய நண்பரான மருத்துவரே நள்ளிரவில் மண் அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அதைப் படித்த அன்று எங்கள் ஷிப்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரமே தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டும்தான். சாதாரண நாளில் நமக்கு மாநிலச் சட்டமே கதி.

இந்த விஷயத்தில் கேரளம் நம்மைவிட ஒரு படி முன்னால் போய்விட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 2023 மே 10 அதிகாலை, கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குப் போலீசார் ஒருவரைக் கால் காயத்துக்குக் கட்டுப்போட அழைத்து வந்தார்கள். அவர் அப்போது எந்த வழக்கிலும் குற்றவாளி இல்லை, உதவி வேண்டும் என்று அவரேதான் போலீசைக் கூப்பிட்டிருந்தார். அதனால் கைவிலங்கு இல்லை, கட்டுக்காவலும் இல்லை. கட்டுப்போடும்போது திடீரென்று அறுவைக் கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணில் பட்டவர்களைக் குத்தினார். போலீசாருக்கும் குத்து விழுந்தது. பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ் இறந்துபோனார்.

அந்த மாதமே கேரள அரசு தன் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தியது. கொடுங்காயம் ஏற்படுத்தினால் 1 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் கவனித்தது தண்டனையைவிட மற்ற இரண்டு விஷயங்களை. இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். பதிந்த 60 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். காவலாளிகள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், உதவியாளர்கள் என்று பெயர் சொல்லியே பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லி எழுதிவிட்டால் ஸ்டேஷனில் நின்று "நாங்களும் இதில் வருகிறோம் சார்" என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கொட்டாரக்கரைக்குப் பிறகு நான் என் வேலையில் மாற்றிக்கொண்டவை சில. போலீசார் ஒருவரை வண்டியில் ஏற்றச் சொன்னால், அவர் குற்றவாளியோ புகார்தாரரோ, ஒரு காவலர் பின்னால் நோயாளியோடு உட்கார வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். ஜீப்பில் பின்தொடர்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்றுவதற்கு முன்னால் அவர் பாக்கெட்டையும் இடுப்பையும் போலீசாரே சோதிக்கட்டும், அந்த வேலையை நாம் செய்யக் கூடாது. துணி வெட்டுகிற கத்தரி, ஊசிப் பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்பேனர் மூன்றும் நோயாளியின் கைக்கு எட்டாத தலைமாட்டு அலமாரிக்குப் போய்விடும். நான் கதவுப் பக்கம்தான் உட்காருவேன். இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. ஒருமுறை ஓர் இளம் காவலர், "இவர் ரொம்ப சாது சார்"னு சொன்னார். இருக்கட்டும் தம்பி, நீங்களும் வாங்கன்னு சொல்லி ஏற்றிக்கொண்டேன். அவரும் முகம் சுளிக்காமல் வந்தார்.

கத்திக்குத்து, கோஷ்டி மோதல் என்று அழைப்பு வந்தால், காவலர்கள் வந்துவிட்டார்களா என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். வரவில்லையென்றால் கொஞ்சம் தள்ளி, வண்டியைத் திரும்பிய நிலையில் நிறுத்திக் காத்திருப்பதில் தப்பே இல்லை. நாமும் அடிபட்டுக் கிடந்தால் அங்கே கிடக்கிறவரை யார் தூக்குவது? எங்கள் எல்லையில் நடைமுறை ஒன்று உண்டு. பெரிய திருவிழா, தேர்தல் கூட்டம் என்றால் முந்தைய நாளே ஸ்டேஷனுக்குப் போய், வண்டி எங்கே நிற்கும், எந்த வழியாக வெளியேறும் என்று எஸ்.ஐ.யிடம் பேசிவிட்டு வருவோம். ரோந்து வண்டிக்காரர்கள் நம்பர் எங்களிடம் இருக்கும், எங்கள் நம்பர் அவர்களிடம் இருக்கும். அந்த ராத்திரி கதவுக்கு முன்னால் வந்து நின்ற ஏட்டையா, பைலட் அண்ணனோடு தினமும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர். சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை. எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான்.

காவல் துறைக்கு நாம் செய்ய வேண்டிய உதவியும் உண்டு. குத்துப்பட்டவரின் சட்டையை வெட்டும்போது கத்தி நுழைந்த ஓட்டையை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். அந்தச் சட்டையைத் தூக்கி எறியாமல் காகித உறையில் வையுங்கள், ஈரத் துணியை பிளாஸ்டிக்கில் கட்டினால் கெட்டுப்போகும். செயின், பர்ஸ், செல்போன் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, மருத்துவமனையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். "மஞ்சள் நிற உலோகச் செயின் ஒன்று" என்று எழுதுங்கள், தங்கம் என்று எழுத வேண்டாம்.

இன்னொன்று ரொம்ப நுட்பமானது. சாகக் கிடக்கிறவர் சில சமயம் நம்மிடம் பேசுவார். யார் வெட்டினார்கள், எந்த வண்டி மோதியது என்று. தீக்காயம் பட்ட பெண்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும்; வீட்டார் முன்னால் "ஸ்டவ் வெடிச்சுடுச்சு" என்பவர், வண்டிக் கதவு மூடியதும் வேறு சொல்வார். அவர் சொன்ன சொற்களை, சொன்னபடியே, நேரம் போட்டு நோயாளிப் பதிவுத் தாளில் எழுதுங்கள். நாமாகக் கேள்வி கேட்டு வாயைக் கிளற வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் பணி மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், மாஜிஸ்திரேட்டை வரவழைத்து மரண வாக்குமூலம் வாங்க அவர் ஏற்பாடு செய்வார். உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது சொல்வது அவசியம். அதேபோல, குடித்திருந்தாரா என்று போலீசார் கேட்டால் நாம் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். வாயில் மது வாடை இருந்தது என்றால் அதை எழுதலாம். போதையில் இருந்தார் என்று முடிவு சொல்வது நம் வேலையில் சேராது, அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் இன்சூரன்ஸ் தொகையே போய்விடக்கூடும்.

உரசல் வருகிற இடமும் ஒன்று உண்டு, அது இறந்த உடல். சம்பவ இடத்திலேயே இறந்தவரை எடுத்துப் போகச் சொல்லிக் காவலர்கள் கேட்பார்கள். பாவம், வெயிலில் உடலை வைத்துக்கொண்டு அவர்களுக்கும் வேறு வழி தெரியாது. ஆனால் 108 வண்டி உயிரோடு இருப்பவர்களுக்கானது. நேரடியாக மறுத்துச் சண்டை போடாமல், கட்டுப்பாட்டு அறை வழியாகவே பேசவிடுவது நல்லது.

இனி பொதுமக்களுக்கு. எங்களுக்கு முன்னால் சம்பவ இடத்தில் நிற்கிறவர் எப்போதும் நீங்கள்தான்: டீக்கடைக்காரர், லாரி டிரைவர், வயலிலிருந்து ஓடி வருகிறவர். நாங்கள் வருவதற்குள் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கையால் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டி வந்ததும் அதே ஆட்கள் மெல்ல நழுவிப் போய்விடுவார்கள். "சாட்சி, கோர்ட்டுன்னு இழுப்பாங்க சார், கடைய யாரு பாக்குறது?"

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று, உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிமுறைகளை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. கர்நாடகம் அதே ஆண்டில் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பிறகு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவினால், ஒருவேளை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் உங்கள் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. 2020 செப்டம்பரில் வந்த விதிகள் இன்னும் தெளிவு: பெயர், முகவரி, போன் நம்பர் சொல்லும்படி போலீசோ மருத்துவமனையோ உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பப்பட்டால் சொல்லலாம். கொண்டு வந்து சேர்த்ததும் போய்விடலாம், யாரும் தடுத்து வைக்கக் கூடாது. பணம் கட்டச் சொல்லக் கூடாது. இந்த உரிமைகளை உள்ளூர் மொழியிலும் எழுதி வாசலில் மாட்ட வேண்டியது ஒவ்வொரு மருத்துவமனையின் கடமை. உங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

"போலீஸ் வராம தொடமாட்டோம்" என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது என்பது 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம். பணம் பற்றியும் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். படுகாயமடைந்தவரைப் பொன்னான அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தவருக்கு மத்திய அரசு 2021-இல் 5,000 ரூபாய் பரிசு அறிவித்தது, 2025-இல் அது 25,000 ஆனது. வேண்டுமென்றால், கொண்டு சேர்த்ததற்குக் காவல் நிலையத்தில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் பெயர் சொல்லாமலே போங்கள். இரண்டும் உங்கள் உரிமை.

சரி, எங்கள் வழக்குக்கு வருகிறேன். சமாதானம் பேச ஆள் வந்தார்கள், வராமல் இருப்பார்களா? இறந்த பையனின் மாமாவும் வந்திருந்தார். அவர் மட்டும் மன்னிப்புக் கேட்டார், அவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லாதபோதும். அவரிடம் மேற்பார்வையாளர் சொன்னார்: "உங்க குடும்பத்து மேல நாங்க புகார் குடுக்கல. கல்லெறிஞ்சவங்க மேலதான் குடுத்திருக்கோம்." மற்றவர்களுக்கு ஒரே பதில்: எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, வாபஸ் வாங்குகிற அதிகாரம் எங்களிடம் இல்லை. உண்மையும் அதுதான். வழக்கை ரத்து செய்ய வேண்டுமென்றால் அவர்கள் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டால் பைலட் மீதும் உதவியாளர் மீதும் நெருக்கடி பாதியாகக் குறையும்.

வழக்கு நீதிமன்றம் வந்து சாட்சி சொல்ல நாளானது. எழுதிய தாள்தான் அங்கே பேசியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வெளிச்சம் இருந்ததா, அடையாளம் எப்படித் தெரியும் என்று துருவினார். நோயாளிப் பதிவுத் தாளின் நகலும், ஏ.ஆர். நகலும், கட்டுப்பாட்டு அறைப் பதிவும் ஒரே நேரத்தைக் காட்டியதால் எனக்குத் தடுமாற வேண்டிய அவசியம் வரவில்லை. இந்த மூன்றின் நகலையும் வீட்டில் ஒரு கோப்பில் வைத்திருங்கள். சம்மன் வருவதற்குள் வண்டியும் மாறியிருக்கும், மாவட்டமும் மாறியிருக்கும்.

மனசுக்குள் இருக்கிற குறையையும் எழுதிவிடுகிறேன். சாட்சி சொல்லப் போகிற நாளுக்கு எங்களுக்குச் சம்பளம் உறுதியில்லை. விசாரணை எப்போது முடியும் என்று நம் சட்டம் கெடு வைக்கவில்லை. சங்கங்கள் கோரிக்கை மனு கொடுக்கும்போது ஊதிய உயர்வோடு சேர்த்து இந்த மூன்றையும் கேட்க வேண்டும்: கேரளத்தில் இருப்பது போல 60 நாள் கெடுவும் இன்ஸ்பெக்டர் நிலை விசாரணையும், ஆம்புலன்ஸ் பைலட், மருத்துவ உதவியாளர் என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதுவது, நீதிமன்றத்துக்குப் போகிற நாளைப் பணி நாளாகக் கணக்கில் எடுப்பது. அதுவரை 48/2008-இன் ஜெராக்ஸ் ஒன்றை வண்டியின் டேஷ்போர்டில், ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.